வைத்தியம் முடிந்த பிறகு யார் பார்ப்பது? ஊரிலேயே ஒரு புற்றுநோய் உதவி நிதியை நடத்தும் விதம்

ஒப்பரேஷனுக்குக் காசு கேட்டால் ஊர் கொடுக்கும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளும் கொடுப்பார்கள். உயிர் ஆபத்து என்றால் எங்கள் சனம் பின்வாங்குவதில்லை. ஆனால் கடைசிக் கதிர்வீச்சு முடிந்து, தலைமயிர் திரும்ப முளைத்து, "இப்ப சுகம்தானே" என்று கண்டவர்கள் எல்லாம் கேட்கத் தொடங்கிய பிறகு, அந்த ஆள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போய்வர பஸ் காசுக்கு எங்கே போவது? வீங்கின கையோடு எப்படிக் கூலி வேலைக்குப் போவது? இதற்குக் காசு கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை, கொடுக்கவும் தோன்றுவதில்லை.

நான் கண்டாவளைப் பக்கத்து ஆள். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள். என் அக்கா மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த பிறகு, எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குள்ளேயே ஒரு சின்ன உதவி நிதியைத் தொடங்கினோம். பொருளாளர் பொறுப்பு என்னிடம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எங்கே இருந்தாலும் உங்கள் ஊரிலும் இப்படி ஒன்றைத் தொடங்கலாம். எப்படி என்று தெரிந்த அளவில் சொல்கிறேன்.

ஒன்றை முதலே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியத்துக்கான காசு ஒரே தடவையில் பெரிதாகத் தேவைப்படும். வைத்தியத்துக்குப் பிறகான காசு சின்னச் சின்னதாக, ஆனால் வருடக்கணக்காகத் தேவைப்படும். ஆகவே திரட்டும் விதமும் வேறாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பெரிய நிகழ்ச்சி வைத்து ஐந்து லட்சம் சேர்ப்பதைவிட, மாதம் ஐந்நூறு ரூபா தவறாமல் தருகிற முப்பது பேரைப் பிடிப்பது இந்த வேலைக்கு நல்லது.

ஆட்களைத் தேடுவதும் தேவையைக் கேட்பதும்

யாருக்கு நோய் இருந்தது என்று வீடு வீடாக விசாரித்துப் போகாதீர்கள். அந்தப் பேச்சு பரவினால் கல்யாணப் பேச்சு நிற்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் பிரிவின் குடும்பநல மாதுவிடம் போய், இப்படி ஒரு நிதி இருக்கிறது, விருப்பமானவர்களிடம் எங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். அவர் பெயர் தரமாட்டார், தரவும் கூடாது. விருப்பமானவர் தானே வருவார். ஒருவர் வந்து நல்லபடி கவனிக்கப்பட்டால் அடுத்தவரை அவரே கூட்டிக்கொண்டு வருவார்.

வந்தவரிடம் "என்ன உதவி வேணும்?" என்று கேட்டால் "ஒண்டும் வேண்டாம் பிள்ளை, கடவுள் காப்பாற்றினதே பெரிசு" என்பார். எங்கள் ஆட்களின் பழக்கம் அது. போன தடவை கிளினிக்குக்கு எப்படிப் போனீர்கள், எத்தனை மணிக்கு வெளிக்கிட்டீர்கள், கூட யார் வந்தது, அவருடைய அன்றைய கூலி என்ன ஆனது, மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். புதுக்குடியிருப்பிலிருந்து போகிறவர் பரந்தனுக்கு வந்து, யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து தெல்லிப்பழைக்கு இன்னொரு பஸ் எடுக்க வேண்டும். விடியமுன் வெளிக்கிட்டு இருட்டின பிறகுதான் வீடு திரும்புவார். மத்தியானம் சாப்பிடவில்லை என்பது இந்தக் கேள்விகளில்தான் தெரியவரும்.

ஆளுக்கு ஆள் தேவை வேறு. அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மார்பக ஒப்பரேஷனில் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். அப்படி எடுத்தவர்களுக்கும் அக்குளில் கதிர்வீச்சுக் கொடுத்தவர்களுக்கும் அந்தப் பக்கத்துக் கை வீங்கலாம். ஒப்பரேஷன் முடிந்த கையோடு வருமென்றில்லை, மாதங்கள் கழித்தும் வரும், வருடங்கள் கழித்தும் வரும். அக்காவுக்கு வந்தது கச்சான் பிடுங்கும் காலத்தில். முதலில் காப்பு இறுகியது. பிறகு சட்டைக் கை ஏறவில்லை. கச்சான் பிடுங்கின அலுப்பு என்று எண்ணெய் பூசிக்கொண்டு இருந்தார். அதற்கு வேண்டியது கையை மணிக்கட்டிலிருந்து தோள்வரை அளவாக இறுக்கிப் பிடிக்கும் உறை ஒன்றும், இயன்மருத்துவர் சொல்லித்தரும் பயிற்சியும். உறையைக் கையின் அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து யாராவது பார்சலில் அனுப்பினது என்று அளவு பார்க்காமல் போட்டால் கெடுதல்தான். ஆறு மாதமளவில் இறுக்கம் தளர்ந்துவிடும், புதிது வாங்க வேண்டும். இது போன்ற செலவை ஒருவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த உறை இருந்தால் அவர் தோட்டத்துக்குப் போவார், இல்லாவிட்டால் போகமாட்டார். இன்னொன்று, வீங்கின கையில் முள்ளுக் கீறினாலோ வயல் சேற்றில் புண் வந்தாலோ, கை சிவந்து காய்ச்சல் காய்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. அதற்காகவே ஆட்டோக் காசு என்று கொஞ்சம் தனியாக வைத்திருக்கிறோம். கேட்டதும் கொடுப்போம், பற்றுச்சீட்டுப் பிறகு வரட்டும்.

ஆண்களில் எங்கள் நாட்டில் கூடுதலாக வருவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. வைத்தியம் முடிந்தாலும் வாய் முழுதாகத் திறக்காது, எச்சில் ஊறாது, சோறு இறங்காது. அப்படிப்பட்ட வீட்டுக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்தது ஒரு பிளெண்டர். அவர் மனைவி சோறும் மீனும் மரக்கறியும் அடித்துக் கஞ்சிப் பதத்தில் கொடுத்தார், ஆள் தேறினார். பல் வைத்தியரிடம் போய்வரும் காசையும் இதோடு சேருங்கள், கதிர்வீச்சுப் பட்ட வாயில் பல் சீக்கிரம் பழுதாகும். குடல் ஒப்பரேஷன் செய்தவர்களில் சிலருக்கு, மலம் சேர வயிற்றில் ஒட்டும் பைகள் வேண்டும். அதைக் கேட்கவே வெட்கப்படுவார்கள், நீங்களாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தைரொய்ட் சுரப்பியை முழுதாக எடுத்தவர் ஆயுள் முழுக்கக் குளிசை குடிக்க வேண்டும். மார்பகப் புற்றுநோயில் சிலர், நோய் திரும்பாமலிருக்கத் தரும் தமொக்சிபென் குளிசையை ஐந்து வருடம், சிலர் பத்து வருடம் குடிக்க வேண்டும். அரச ஆஸ்பத்திரியில் இவை இலவசம்தான். ஆனால் 2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். மருந்து கையிருப்பில் இல்லாத மாதம் வெளியே வாங்குவதற்கு நிதியில் ஒரு பங்கு எப்போதும் தொடாமல் இருக்கட்டும்.

மிக மலிவான உதவி

ஒரு பிளாஸ்டிக் ஃபைல். டயக்னோசிஸ் காட், ஒப்பரேஷன் விபரம், பயொப்சி அறிக்கை, எத்தனை தரம் மருந்து ஏற்றியது, எந்த இடத்தில் கதிர்வீச்சு, அடுத்த கிளினிக் திகதி எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை ஃபைலில் போட்டுக் கொடுங்கள். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சலென்று போனாலும் அந்த ஃபைல் கூடப் போக வேண்டும். 2009 இல் போரின் கடைசியில் உடுத்த உடுப்போடும் ஒரு பையோடும் வெளியேறினவர்களுக்குக் கடதாசியின் அருமையை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் வைத்தியத் துண்டுகள் தலையணைக்குக் கீழே கசங்கிக் கிடப்பதைத்தான் நான் பல வீடுகளில் காண்கிறேன்.

அந்த ஃபைலின் முதல் பக்கத்தில் இன்னொன்றையும் எழுதுங்கள்: போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு உடம்பில் இருக்கிறதா, எங்கே. எங்கள் பக்கத்தில் உடம்பில் இரும்போடு நடமாடுகிறவர்கள் நிறையப் பேர். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கும் முன் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அந்த மெசினின் காந்தம் உள்ளே இருக்கும் இரும்பை இழுக்கும், அல்லது சூடாக்கும். கேட்பவர் மறந்தாலும் ஃபைல் சொல்லும்.

எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுவது

காசு கேட்கப் போகும் முன் கணக்குப் போடுங்கள். விளங்குவதற்காக வட்டத் தொகையில் காட்டுகிறேன், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 12 பேர், ஆளுக்கு வருடம் 4 கிளினிக், துணைக்கு ஒருவர். ஒரு ஆள் போய்வர 1,000 ரூபா, சாப்பாட்டுக்கு 500. அப்படியானால் ஒரு பயணத்துக்கு இருவருக்கும் 3,000, ஒருவருடைய வருடப் பயணத்துக்கு 12,000, 12 பேருக்கும் 144,000. அதில் மூன்று பேருக்குக் கை உறை வேண்டும், வருடம் இரண்டு, ஒன்று 10,000 என்று வைத்தால் 60,000. மொத்தம் 204,000. மாதத்துக்கு 17,000. அதாவது மாதம் 500 ரூபா தரக்கூடிய 34 பேர் போதும். இந்தக் கடைசி வசனம்தான் கேட்கிறவரின் மனதில் நிற்கும். இரண்டு லட்சம் என்று சொன்னால் பெருமூச்சு விடுவார்கள், 34 பேரில் ஒருவராக இருங்கள் என்றால் யோசிப்பார்கள்.

துணைக்குப் போகிறவரின் காசை வெட்டாதீர்கள். கிளினிக் நாள் கிட்ட வரும்போது திரும்ப வந்துவிட்டதோ என்ற பயத்தில் நித்திரை போய்விடும், அறிக்கை கையில் வரும்வரை சாப்பாடு இறங்காது. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். வீட்டில் ஆள் இல்லாதவருக்கு, முன்னமே மீண்டு வந்த ஒருவரைத் துணைக்கு அனுப்புகிறோம். அவருக்கு அன்றைய கூலியையும் கொடுக்கிறோம். நிதியில் செலவழிக்கிற காசில் மிக நன்றாகப் பயன்படுவது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அரசாங்கத்தின் கதவை முதலில் தட்டுங்கள்

அரசாங்கம் தரக்கூடியதற்கு நன்கொடைக் காசைச் செலவழிக்காதீர்கள். கிராம அலுவலரிடம் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு பற்றியும், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் நோயாளருக்கான உதவிப்பணம் பற்றியும் விசாரியுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு முந்தி கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது, 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். படிவம் நிரப்பவும் பிரதி எடுக்கவும் கூடப் போகவும் உங்கள் குழுவில் ஒரு பெட்டையை நியமியுங்கள். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இதை அழகாகச் செய்வார்கள்.

பதிவும் வங்கிக் கணக்கும்

புதிதாக ஒரு அமைப்புத் தொடங்கிப் பெயர்ப்பலகை அடிக்கத் தேவையில்லை. உங்கள் ஊரில் பதிவான மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ இருக்கும். பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, அதன் கீழ் ஒரு உபகுழுவாக நிதியைத் தொடங்குங்கள். தீர்மானத்தைக் கூட்டறிக்கையில் எழுதி, அந்தப் பிரதியோடு வங்கிக்குப் போய்த் தனிக் கணக்குத் திறவுங்கள். மூன்று பேரில் இருவர் கையெழுத்து வைத்தால்தான் காசு எடுக்கலாம் என்று இருக்கட்டும், மூவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. நிதி வளர்ந்து, வெளிநாட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்யும் நிலை வந்தால் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிவது பற்றிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

யாருடைய சொந்தக் கணக்குக்கும் நன்கொடை வரக்கூடாது. செயலாளரின் மகளின் கணக்கு, சுவிஸில் இருக்கும் அண்ணனின் நண்பரின் கணக்கு எல்லாம் வேண்டாம். எவ்வளவு நேர்மையான ஆளாக இருந்தாலும் ஊர்க்கதை வந்தபின் அதைத் துடைக்க முடியாது, அடிபடுவது நோயாளிகள்தான்.

கேட்கும் விதம்

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கே பொதுமக்கள் காசு சேர்த்துக் கொடுத்ததை நினைத்துப் பாருங்கள். 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, அதற்குக் காசு சேர்க்க, 27 நாட்கள் 'ட்ரெயில்' என்ற பெயரில் நடைபயணம் போனார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் கொடுத்த காசு அது. ஆகவே கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எங்கள் ஊரில் காசு கேட்க நல்ல காலம் மாசி, பங்குனி. பெரும்போக அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும். காசு தராதவர் ஒரு மூட்டை நெல்லுத் தருவார், வாங்கி விற்றுக் கணக்கில் போடுங்கள். விதைப்புக் காலத்தில் கேட்காதீர்கள், அப்போது எல்லோரும் கடனில் இருப்பார்கள்.

வெளிநாட்டு உறவுகளிடம் கேட்க எங்களுக்குக் கைகொடுத்த வழி நினைவு நாள்தான். அம்மாவின் திவசத்துக்கு, பிள்ளையின் பிறந்தநாளுக்குச் சிறுவர் இல்லத்தில் மத்தியானச் சாப்பாடு கொடுப்பது எங்கள் ஆட்களிடம் ஊறின வழக்கம். அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதே நாளில் இதையும் செய்யலாமா என்று கேட்கிறோம். நாங்கள் அனுப்புகிற கடிதத்தை அப்படியே தருகிறேன், எடுத்துப் பாவியுங்கள்:

"எங்கள் பிரிவில் புற்றுநோய்க்கு வைத்தியம் முடித்த 12 பேர் இருக்கிறார்கள். இவர்கள் தொடர்ந்து கிளினிக்குக்குப் போக வேண்டும். ஒருவர் துணையோடு ஒருமுறை போய்வர 3,000 ரூபா, வருடத்துக்கு 4 முறை, மொத்தம் 12,000 ரூபா. உங்கள் தாயாரின் நினைவாக ஒருவருடைய ஒரு வருடப் பயணத்தைப் பொறுப்பெடுக்க முடியுமா? உதவி பெறுபவரின் பெயரையும் படத்தையும் நாங்கள் தருவதில்லை. எந்தத் திகதியில் எத்தனை பயணம், எவ்வளவு செலவு என்ற விபரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்புவோம்."

அவ்வளவுதான். போர், கண்ணீர், விதி ஒன்றும் அதில் இல்லை. இதை வாசித்துவிட்டுப் போன வருடம் கொடுத்தவர் இந்த வருடமும் கொடுக்கிறார்.

பிரித்தானியாவில் உள்ளவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே வருமான வரி கட்டுகிற ஒருவர், பதிவுபெற்ற அறக்கட்டளை ஒன்றுக்கு கிஃப்ட் எயிட் படிவத்தோடு 100 பவுண் கொடுத்தால், அந்த அறக்கட்டளை வரித் திணைக்களத்திடமிருந்து மேலும் 25 பவுண் எடுக்கலாம். உங்கள் ஊர்ச்சங்கமோ பழைய மாணவர் சங்கமோ அங்கே அறக்கட்டளையாகப் பதிந்திருந்தால் அதனூடாகக் கேளுங்கள். ஆனால் காசு எதற்குப் போனது என்று அவர்கள் அங்கே கணக்குக் காட்ட வேண்டும், ஆகவே உங்களிடம் பற்றுச்சீட்டுக் கேட்பார்கள். கனடாவிலும் 2022 இல் சட்டம் மாறி, பதிவுபெற்ற அறக்கட்டளைகள் வெளிநாட்டிலுள்ள எங்களைப் போன்ற குழுக்களுக்கும் உதவித்தொகை கொடுக்கலாம் என்று வந்திருக்கிறது, அதற்கும் எழுத்தில் உடன்படிக்கையும் அறிக்கையும் வேண்டும். கணக்கு ஒழுங்காக இருந்தால் இரண்டும் கஷ்டமில்லை.

படம் வேண்டாம்

கொடுக்கிறவர்களில் சிலர் படம் கேட்பார்கள். காசை நீட்டுவதும் நோயாளி வாங்குவதும் போல ஒரு படம், முகநூலில் போட. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மார்பு இழந்த ஒரு பெண், தாடை எடுத்த ஒரு மனிதர், இவர்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் முகம் காட்ட வேண்டியவர்கள். ஒரு பெரிய தொகையை இந்தக் காரணத்தால் நாங்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். அப்படி முடிவெடுத்த கூட்டத்தில் ஒரு கைகூட எதிராக உயரவில்லை. கணக்குப் புத்தகத்திலும் பெயருக்குப் பதில் இலக்கம்தான். எந்த இலக்கம் யார் என்ற பட்டியல் தனிக் கொப்பியில், பூட்டின அலுமாரியில் இருக்கும்.

படம் இல்லாமலே நம்ப வைக்கலாம். பஸ் ரிக்கற், பார்மசித் துண்டு, கிளினிக் திகதி இட்ட பக்கத்தின் பெயர் மறைத்த பிரதி, இவை போதும். வருடத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டத்தில் வரவு செலவை உரத்து வாசியுங்கள், குழுவில் இல்லாத ஒருவரைக் கொண்டு கணக்குப் பார்ப்பியுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் யாராவது இருப்பார், மறுக்கமாட்டார்.

கொடுக்கக் கூடாதவை

பழைய கடன் அடைக்க நிதியிலிருந்து கொடுப்பதில்லை என்று தீர்மானம் எடுத்திருக்கிறோம். வைத்தியத்துக்காக நுண்கடன் எடுத்துக் கழுத்துவரை நிற்கிற பெண்களைப் பார்க்க மனம் பொறுக்காது. ஆனாலும் அந்தக் கிழமைக் கட்டுக்காசை ஒருமுறை கட்டினால் நிதி முழுவதும் அதற்குள் போய்விடும். அதற்குப் பதிலாகத் தொழிலுக்குக் கொடுக்கிறோம். அதுவும் உடனே அல்ல, உடம்பு தேறிவிட்டது என்று வைத்தியர் சொன்ன பிறகு. களைப்பு நோயோடு போய்விடுவதில்லை, மாதக்கணக்கில் நிற்கும். முன்பு நாற்று நட்டவர் இனியும் நடுவார் என்று நினைக்காதீர்கள். கோழிக்கூடு, தையல் மெசின், கச்சான் வறுத்துப் பைக்கட் போடுவது போல, இருந்து செய்யக்கூடிய வேலையை அவரே சொல்லட்டும்.

நோய் திரும்பி வந்தால்

சிலருக்கு வரும். அந்த நேரத்தில் "மீண்டவர்களுக்கான நிதி, இவர் இனி இதில் அடங்கமாட்டார்" என்று ஒருவர் சொல்லக்கூடும். அப்படி ஒரு பேச்சே எழாதபடி தொடங்கும் நாளிலேயே விதியில் எழுதி வையுங்கள்: ஒருமுறை சேர்க்கப்பட்டவர் கடைசிவரை சேர்ந்தவர், பயணக் காசும் துணை ஆளும் தொடரும், வீட்டில் படுக்கையாக இருந்தால் வலிக்கான மருந்து எடுத்துவரப் போகிறவரின் செலவும் நிதியில். இறந்துவிட்டால் அந்த மாதத்துக்குரிய தொகையைக் குடும்பத்திடம் கொடுத்துவிடுகிறோம். திறக்காத ஒட்டும் பைகள் மிஞ்சியிருந்தால் காலாவதித் திகதி பார்த்து, வீட்டார் சம்மதித்தால் வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்கலாம். கை உறையை அப்படி மாற்றிக் கொடுக்கக்கூடாது, அது ஒரு கைக்கு அளவெடுத்தது.